தோற்கக் கற்றுக்கொடுத்த ஆசான்

1964-ல் செங் மான்-சிங் நியூயார்க்கில் குடியேறியபோது அவருக்கு வயது 62. நீண்ட அங்கி, மெல்லிய தாடி. பாடத்தைச் சீனத்தில் சொல்வார். மாணவர் யாராவது அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். கவிதை, ஓவியம், எழுத்துக்கலை, மருத்துவம், தாய்ச்சி என்னும் தற்காப்புக்கலை என ஐந்திலும் கரைகண்டவர் என்று ஊர் அவரைக் கொண்டாடியது. ஒருவருக்கு இத்தனை கலையா என்று சந்தேகம் வருவது நியாயம்தான். ஆனால் ஷாங்காயில் இருந்தபோதே ஓவியம் கற்பித்த பேராசிரியர் அவர்.

சீனாவின் வென்ஷோ பகுதியில் 1902-ல் பிறந்த செங்குக்கு இளமையில் காசநோய். இருமினால் ரத்தம். உடம்பு தேறத்தான் தாய்ச்சிக்கு வந்தார், சண்டை போட அல்ல. அவருடைய குரு, புகழ்பெற்ற யாங் செங்ஃபு. குருவின் மனைவி படுத்த படுக்கையாகக் கிடந்தபோது செங் வைத்தியம் பார்த்து எழுப்பினார் என்றும், அந்த நன்றிக்காகவே குரு நுணுக்கங்களைத் திறந்து காட்டினார் என்றும் சொல்வார்கள். நூற்றுக்கும் மேலான அசைவுகள் கொண்ட யாங் பாணியை, ஜப்பானியப் போர்க்காலத்தில் 37 நிலைகளாகச் சுருக்கினார் செங். பழமைவாதிகள் முகம் சுளித்தார்கள். வேலைக்குப் போகிறவன் காலையில் செய்து முடிக்க முடிந்ததே அந்தச் சுருக்கத்தால்தான்.

1949-ல் தைவான், பிறகு நியூயார்க்கின் சைனாடவுன். அங்கே அவர் வகுப்பில் இருவர் மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டி நிற்பார்கள். ஒருவர் தள்ள, மற்றவர் எதிர்க்காமல் இடுப்பைத் திருப்பி வழிவிடுவார். தள்ளியவர் பிடிமானம் இல்லாமல் முன்னால் சரிவார். கிழவர் கைபட்ட திடகாத்திர இளைஞர்கள் சுவரில் போய் மோதியதைப் பழைய படச்சுருள்களில் இன்றும் பார்க்கலாம். பலத்தால் ஜெயிக்காதே, முதலில் தோற்கப் பழகு என்பதே அவர் பாடம். பயில வந்தவர்களுக்கு இதைவிடக் கசப்பான மருந்து இல்லை.

வந்தவர்களில் வெள்ளையர், கறுப்பர், முடி வளர்த்த ஹிப்பிகள் எல்லோரும் உண்டு. சைனாடவுன் பெரியவர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. செங் தைவான் போயிருந்த சமயம் பார்த்து, சீனரல்லாத மாணவர்களை வெளியே நிறுத்திப் பயிற்சிக்கூடக் கதவைப் பூட்டிவிட்டார்கள் என்கிறார்கள் அந்த மாணவர்கள். திரும்பி வந்த செங், பூட்டியவர்களோடு மல்லுக்கு நிற்கவில்லை. வெளியே நின்றவர்களை அழைத்துக்கொண்டு தனிப் பள்ளி தொடங்கினார். அங்கே தாய்ச்சியோடு கன்பூசியஸும் லாவோட்சுவும் பாடமானார்கள். என்னைக் கேட்டால், ஐந்து கலைகளையும் விட அவருக்குப் பெருமை சேர்ப்பது இந்த ஒரு முடிவுதான்.

1975 மார்ச் 26-ல் தைவானில் காலமானார். அமெரிக்காவில் 37 நிலைகளைப் பரப்பியவர்கள் அவர் சேர்த்துக்கொண்ட அந்த மாணவர்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பரப்பியவர் இன்னொரு சீடரான ஹுவாங் ஷெங்-ஷியான். 60 வயதில், 1970-ல், கூச்சிங்கில் ஒரு மல்யுத்த வீரரோடு மேடையேறியவர் அவர். அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)