பில்லி பிராக்

பில்லி பிராக் (பிறப்பு: 20 டிசம்பர் 1957) இங்கிலாந்தைச் சேர்ந்த பாடகர், பாடலாசிரியர், இடதுசாரி. இயற்பெயர் ஸ்டீவன் வில்லியம் பிராக். லண்டனின் கிழக்கு விளிம்பில், அப்போது எசெக்ஸைச் சேர்ந்திருந்த பார்க்கிங் என்னும் ஊரில் பிறந்தவர். அவருடைய பதினெட்டாம் வயதில் தந்தை புற்றுநோயால் இறந்தார். அந்த இழப்பைப் பாட்டாக்க அவருக்குப் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன.

1977இல் பள்ளிப்பருவத்து நண்பர் விக்கியுடன் ‘ரிஃப் ராஃப்’ என்ற பங்க் குழுவைத் தொடங்கினார். அது பெரிதாக எடுபடவில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரலில் லண்டன் விக்டோரியா பூங்காவில் இனவெறிக்கு எதிரான மாபெரும் இசைக்கூட்டம் நடந்தது. ‘தி கிளாஷ்’ குழுவைக் கேட்கப் போனவர், அரசியல் பற்றிக்கொண்டு திரும்பினார். குழு கலைந்ததும், 1981இல், யாரும் எதிர்பாராதபடி ராணுவத்தில் சேர்ந்தார். மூன்றே மாதத்தில் 175 பவுண்டு கட்டி விடுவித்துக்கொண்டார்.

அதன்பின் குழு, டிரம்ஸ் எதுவும் வேண்டாமென்று ஒற்றை எலெக்ட்ரிக் கிட்டாருடன் மேடையேறினார். கையில் காசில்லாததும் இதற்கு ஒரு காரணம். ஆனால் பின்னாளில் அவர் செய்த அரசியலுக்கு இந்த எளிமைதான் வழிவிட்டது: அழைத்த இடத்துக்கு அன்றைக்கே கிளம்பிப் போக முடிந்தது. 1983இல் வந்த முதல் இசைத்தட்டில் ஏழே பாடல்கள், பதினாறு நிமிடம். 2.99 பவுண்டுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று அட்டையிலேயே அச்சிட்டிருந்தது. பிபிசி வானொலி அறிவிப்பாளர் ஜான் பீல் ஒருநாள் நேரலையில், காளான் பிரியாணி கிடைத்தால் தேவலை என்று சொல்ல, பிராக் அதை வாங்கிக்கொண்டு வானொலி நிலையத்துக்கே போய்விட்டார். பீலும் அவருடைய பாட்டை ஒலிபரப்பினார், தவறான வேகத்தில். பிரியாணி வராவிட்டாலும் போட்டிருப்பேன் என்று பின்னர் சொன்னார்.

அத்தட்டில் இருந்த ‘எ நியூ இங்கிலாந்து’ அரசியலில் அக்கறையில்லாத ஓர் இளைஞனின் காதல் ஏக்கம். கர்ஸ்டி மக்கோல் அதைப் பாடியபோது, அவருக்காகவே பிராக் கூடுதலாக ஒரு சரணம் எழுதிக் கொடுத்தார். 1985 தொடக்கத்தில் அது பிரிட்டிஷ் பட்டியலில் ஏழாம் இடத்தை எட்டியது. கோஷப் பாடகர் என்று அவரை ஒதுக்குவோர், அவருடைய பாடல்களில் கணிசமானவை காதல் பாடல்கள் என்பதைக் கவனிப்பதில்லை.

1984 மார்ச்சில் பிரதமர் தாட்சர் அரசின் சுரங்க மூடல் திட்டத்தை எதிர்த்து நிலக்கரித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஓராண்டு நீடித்த அந்தப் போராட்டம்தான் பிராக்கை உருவாக்கியது எனலாம். சுரங்க ஊர்களில் நிதி திரட்டப் பாடப்போன இடங்களில், வயதான நாட்டுப்புறப் பாடகர்களின் பாட்டு தன்னுடையதைவிடக் காரமாக இருப்பதைக் கண்டார். பங்க் இசையில் வளர்ந்தவருக்குத் தொழிற்சங்கப் பாட்டு மரபு அறிமுகமானது இப்படித்தான். 1985இல் வந்த ‘பிட்வீன் தி வார்ஸ்’ அதன் முதல் விளைச்சல்.

அதே ஆண்டு நவம்பரில் பால் வெல்லர், ஜிம்மி சோமர்வில் ஆகியோருடன் சேர்ந்து, இளைஞர்களைத் தொழிற்கட்சியின் பக்கம் திருப்ப ‘ரெட் வெட்ஜ்’ இயக்கத்தைத் தொடங்கினார். 1987 தேர்தலில் தாட்சரே மீண்டும் வென்றார்; இயக்கம் சில ஆண்டுகளில் ஓய்ந்தது. பாடல்களோ இக்காலத்தில் செழித்தன. 1986 இசைத்தொகுப்பின் தலைப்பு ரஷ்யக் கவிஞர் மாயகோவ்ஸ்கியின் கவிதையிலிருந்து வந்தது. அதிலுள்ள ‘லீவை ஸ்டப்ஸ் டியர்ஸ்’, கணவனின் வன்முறையில் சிக்கிய ஒரு பெண்ணைச் சொல்கிறது. கட்சியோ கொடியோ அதில் இல்லை. அவருடைய கூர்மையான பாடல்களில் ஒன்று அது. தந்தையின் மறைவைப் பாடும் ‘டேங்க் பார்க் சல்யூட்’ 1991இல் வெளியானது.

அமெரிக்க மக்கள் பாடகர் வூடி கத்ரி 1967இல் இறந்தபோது, மெட்டில்லாத பாடல் வரிகளை ஏராளமாக விட்டுச்சென்றார். அவற்றுக்கு இசையமைக்கும்படி பிராக்கை அழைத்தவர் கத்ரியின் மகள் நோரா. அமெரிக்கக் குழுவான வில்கோவுடன் இணைந்து பிராக் உருவாக்கிய ‘மெர்மெய்ட் அவென்யூ’ (1998) பரவலாகப் பாராட்டப்பட்டது. இரண்டாம் தொகுதி 2000இல் வந்தது.

2006இல் அவர் பிறந்த பகுதியின் உள்ளாட்சி மன்றத்தில் தீவிர வலதுசாரிக் கட்சியான பிரிட்டிஷ் தேசியக் கட்சி 12 இடங்களைப் பிடித்தது. நாட்டுப்பற்றை வலதுசாரிகளுக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்று வாதிடும் ‘தி புரோகிரஸிவ் பேட்ரியட்’ நூலை அதே ஆண்டு வெளியிட்டார். 2010 தேர்தலில் அங்கேயே போய் அக்கட்சிக்கு எதிராகப் பிரசாரம் செய்தார். அக்கட்சி எல்லா இடங்களையும் இழந்தது. சிறைக்கைதிகளுக்கு இசைக்கருவிகள் வழங்கும் ‘ஜெயில் கிட்டார் டோர்ஸ்’ 2007இல் அவர் தொடங்கியது. 1950களின் ஸ்கிஃபிள் இசை பற்றி 2017இல் விரிவான நூல் எழுதினார். 1988இல் பதிவான ‘வெயிட்டிங் ஃபார் தி கிரேட் லீப் ஃபார்வர்ட்ஸ்’ பாடலை மட்டும் அவர் முடிந்துபோனதாக நினைப்பதில்லை: மேடையில் பாடும்போது அன்றைய செய்திக்கேற்ப வரிகளை மாற்றிக்கொள்கிறார்.