ஈஸா (அலை) அவர்களைப் பற்றிய விவாதம்: நைசியாவிலிருந்து புரசைவாக்கம் வரை

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...



தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் என நாம் வாழும் இப்பகுதிகளில் பள்ளிவாசலும் தேவாலயமும் ஒரே சாலையில் இருப்பது புதிதன்று. நம் பிள்ளைகளில் பலர் பகலில் கிறிஸ்தவப் பள்ளிகளில் படித்துவிட்டு மாலையில் மதரஸாவுக்கு வருகின்றனர். திரியேக தேவன், தேவகுமாரன் ஆகிய சொற்களை அங்கே கேட்கும் அவர்கள், இங்கே வந்து அவற்றின் பொருள் என்னவென்று வினவுகின்றனர். அவ்வினாவுக்கு நாம் அளிக்கும் விடை மார்க்க அடிப்படையில் தெளிவாகவும், வரலாற்று அடிப்படையில் உண்மையாகவும் இருத்தல் வேண்டும். முதலாவதில் நம்மிடையே குறை அதிகமில்லை. இரண்டாவதிலோ, செவிவழிச் செய்திகளே நம் மேடைகளிலும் கைப்பேசிகளிலும் மலிந்து கிடக்கின்றன. இக்கட்டுரை அந்த இரண்டாவது கடமையைப் பற்றியது.

நைசியாவில் நடந்தது என்ன?

கி.பி. 325 ஆம் ஆண்டு, இன்றைய துருக்கியில் உள்ள நைசியா நகரில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆயர்களின் பெருமன்றம் ஒன்றைக் கூட்டினார். அதற்குக் காரணமாயிருந்தவர் எகிப்தின் அலெக்ஸாந்திரியாவைச் சேர்ந்த ஆரியஸ் என்னும் குரு. மகன் என்று அழைக்கப்படுபவர் படைக்கப்பட்டவரே, அவர் இல்லாதிருந்த நிலை ஒன்று இருந்தது என்பது அவர் போதனை. அவரை எதிர்த்தோர், மகன் படைக்கப்பட்டவர் அல்லர், தந்தையின் உள்பொருளே அவருக்கும் உள்பொருள் என்றனர். மன்றம் இரண்டாவது கருத்தையே நம்பிக்கை அறிக்கையாக ஏற்றது. கையொப்பமிட மறுத்த இரு ஆயர்களும் ஆரியஸும் நாடு கடத்தப்பட்டனர்.

இங்கே நம்மவர் பலர் கூறும் இரண்டு செய்திகளைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

நான்கு சுவிசேஷங்கள் இம்மன்றத்தில்தான் வாக்கெடுப்பின் மூலம் தேர்ந்தெடுக்கப்பட்டன, ஏனையவை எரிக்கப்பட்டன என்பது முதல் செய்தி. இதற்கு ஆதாரம் இல்லை. மன்றம் பேசிய பொருள்கள் ஆரியஸின் போதனை, உயிர்த்தெழுதல் பெருநாளின் தேதி, திருச்சபை ஒழுங்குவிதிகள் முதலியனவே. அது வெளியிட்ட 20 விதிகளில் வேதநூல்களின் பட்டியல் இல்லை.

ஆரியஸ் நம்மைப் போன்ற ஏகத்துவவாதி என்பது இரண்டாவது செய்தி. அதுவும் முழு உண்மை அன்று. மகன் படைப்புகளில் முதலாமவர் என்றும், அவர் வழியாகவே உலகம் படைக்கப்பட்டது என்றும் ஆரியஸ் நம்பினார். இஸ்லாமியத் தவ்ஹீதில் இதற்கு இடமில்லை. தமக்கு முந்தைய ஒருவரை நம் கருத்துக்குச் சாட்சியாக அழைக்கும்போது, அவர் சொன்னதை மட்டுமே அவர் பெயரில் சொல்ல வேண்டும். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரை ஆராயும் சமுதாயத்திற்கு இது புதிய பாடமன்று.

நைசியாவோடு விவாதம் முடிந்துவிடவில்லை என்பதையும் அறிய வேண்டும். மன்றத்தைக் கூட்டிய கான்ஸ்டன்டைனே 337 ஆம் ஆண்டு மரணப் படுக்கையில் ஞானஸ்நானம் பெற்றது, ஆரியஸின் ஆதரவாளராகிய ஆயர் யூசிபியஸிடம்தான். ஆரியஸை எதிர்த்த அத்தனாசியஸ் ஐந்து முறை தம் நகரை விட்டு வெளியேற்றப்பட்டார். அரசர் மாறும்போதெல்லாம் வெற்றி பெற்ற தரப்பும் மாறியது. 381 ஆம் ஆண்டு கான்ஸ்டான்டினோபிள் மன்றத்தில்தான், பரிசுத்த ஆவியைப் பற்றிய கூற்றும் விரிவாகச் சேர்க்கப்பட்டு, திரித்துவக் கொள்கை பேரரசில் நிலைபெற்றது. ஆக, மசீஹ் அவர்கள் மண்ணுலகில் நடமாடிய காலத்திற்கும் இக்கொள்கையின் முழு வாசகத்திற்கும் இடையே மூன்றரை நூற்றாண்டுகள் உள்ளன. உறுதியாகச் சொல்லத்தக்க செய்தி இதுவே. இதற்கு மேல் கதை கட்ட வேண்டிய தேவை நமக்கு இல்லை.

பரங்கிமலைச் சிலுவை

இவ்விவாதத்தின் நிழல் நம் ஊருக்கு அருகிலும் விழுந்துள்ளது. தாம்பரத்திலிருந்து மின்தொடர் வண்டியில் சில நிலையங்கள் கடந்தால் பரங்கிமலை. 1547 ஆம் ஆண்டு போர்ச்சுக்கீசியர் அங்கே ஆலயம் எழுப்ப அகழ்ந்தபோது, பஹ்லவி எழுத்துகள் பொறித்த கற்சிலுவை ஒன்று கிடைத்தது. பஹ்லவி என்பது பழைய பாரசீக மொழி. பாரசீகக் கிறிஸ்தவர்கள் ரோமத் திருச்சபையிலிருந்து வேறுபட்டவர்கள். ஈஸா (அலை) அவர்களிடம் மனித இயல்பும் இறை இயல்பும் எவ்வாறு இணைந்தன என்னும் வினாவில், 431 ஆம் ஆண்டு எபேசு மன்றம் கண்டித்த நெஸ்டோரியஸின் பெயரால் அவர்கள் அழைக்கப்பட்டனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பர்னல் போன்ற அறிஞர்கள் அக்கல்வெட்டில் திரித்துவம் பற்றிய கோட்பாட்டு வாசகம் இருப்பதாகப் படித்தனர். பின்வந்த அறிஞர்களோ, அது மசீஹிடம் இரக்கம் வேண்டும் ஒரு தனிமனிதரின் எளிய பிரார்த்தனையே என்று படித்துள்ளனர். கல்லில் உள்ள எழுத்து மாறவில்லை. தேடிச் சென்ற பொருளையே கண்கள் முதலில் கண்டன. வரலாற்றை வாசிக்கும் எவருக்கும் இது எச்சரிக்கை.

புரசைவாக்கத்தில் ஒரு தமிழர்

அடுத்து நாம் கூறப்போவது நம் நகரத்தவர் பலரும் அறியாத வரலாறு. சென்னையின் புரசைவாக்கத்தில், திரித்துவத்தை ஏற்காத கிறிஸ்தவ சபை ஒன்று இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே உருவாயிற்று. அதை நிறுவியவர் ஆங்கிலேயர் அல்லர், வேளாளர் குலத்தில் பிறந்த ஒரு தமிழர். திருவேங்கடம் என்பது அவருக்கு இடப்பட்ட பெயர். கிறிஸ்தவரான பின் வில்லியம் ராபர்ட்ஸ் என அறியப்பட்டார்.

அவர் செல்வரோ கல்லூரியில் பயின்றவரோ அல்லர், ஆங்கிலேயரிடம் பணியாளாக இருந்து பிழைத்தவர். அவ்வகையில் இங்கிலாந்து சென்றபோது தியோபிலஸ் லிண்ட்சே, ஜோசப் பிரீஸ்ட்லி ஆகியோரின் எழுத்துகள் அவர் கைக்குக் கிடைத்தன. லிண்ட்சே, திரித்துவத்தை ஏற்க இயலாமல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் பதவியைத் துறந்து, 1774 ஆம் ஆண்டு லண்டனின் எசெக்ஸ் தெருவில் தனி வழிபாட்டிடம் அமைத்தவர். பிரீஸ்ட்லி, பிராணவாயுவை ஆராய்ந்த அறிவியலாளர் எனப் பள்ளிப் பாடங்களில் நாம் அறிந்தவரே. 1791 ஆம் ஆண்டு பர்மிங்காம் கலவரத்தில் அவருடைய வீடும் ஆய்வுக்கூடமும் எரிக்கப்பட்டன. 1794 ஆம் ஆண்டு அவர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார்.

அந்த நூல்களின் தாக்கத்தோடு ஊர் திரும்பிய ராபர்ட்ஸ் 1795 ஆம் ஆண்டு சென்னையில் தம் சபையைத் தொடங்கினார். இறைவன் ஒருவனே, மசீஹ் அவனால் அனுப்பப்பட்ட மனிதரே என்பது அதன் அடிப்படை. 1813 ஆம் ஆண்டு புரசைவாக்கத்தில் சிறிய வழிபாட்டிடம் எழுந்தது. அவர் வழிபாட்டு முறையைத் தமிழில் அமைத்தார், தமிழிலேயே போதித்தார். லண்டனில் லிண்ட்சேயின் வழிவந்த தாமஸ் பெல்ஷாமுடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். 1838 ஆம் ஆண்டு அவர் மறைந்தார். அவருக்குப் பின்னும் சபை தொடர்ந்தது.

அந்த 1813 ஆம் ஆண்டை நினைவில் கொள்ள வேண்டும். அதுவரை இங்கிலாந்தில் திரித்துவத்தை மறுப்பது சட்டப்படி குற்றம். 1689 ஆம் ஆண்டின் சகிப்புச் சட்டம்கூட அவர்களுக்குப் பாதுகாப்பு தரவில்லை. 1813 இல்தான் அத்தண்டனைகள் நீக்கப்பட்டன. அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே, ஆங்கிலேயர் ஆண்ட நகரில், ஆங்கிலேயரிடம் ஊழியம் செய்து பிழைத்த ஒரு தமிழர், தம் எசமானர்களின் திருச்சபை போதித்த கொள்கையை மறுத்துச் சபை கூட்டியிருக்கிறார். தமக்கு உண்மையெனப் பட்டதைச் சொல்ல அவர் எவருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை.

ஆயினும், அவரை மறைவான முஸ்லிம் என்று சித்திரிப்பது நேர்மையாகாது. அவர் கிறிஸ்தவராகவே வாழ்ந்து கிறிஸ்தவராகவே மறைந்தார். அவர் வழிபட்ட நெறி, சிலுவை மரணத்தையும் உயிர்த்தெழுதலையும் ஏற்றுக்கொண்டது. திருக்குர்ஆன் 4:157 வசனத்தின் வழியே நாம் நம்புவது வேறு. இறைவன் ஒருவனே என்பதில் அவர் நமக்கு அண்டை வீட்டார். எனினும் அவர் வீடு அவருடையது.

கல்கத்தாவில் எழுந்த வாதம்

வங்காளத்தின் ராஜா ராம்மோகன் ராய், அரபியும் பாரசீகமும் கற்றவர். அவருடைய தொடக்கக்கால நூலாகிய துஹ்ஃபத்துல் முவஹ்ஹிதீன் பாரசீகத்தில் எழுதப்பட்டு அரபி முன்னுரையுடன் வெளிவந்தது. 1820 ஆம் ஆண்டு அவர், சுவிசேஷங்களிலிருந்து ஈஸா (அலை) அவர்களின் நன்னெறிப் போதனைகளை மட்டும் தொகுத்து வெளியிட்டார். இறைமை பற்றிய பகுதிகளை அவர் விட்டுவிட்டதைச் செராம்பூர் மிஷனரி ஜோஷுவா மார்ஷ்மன் கண்டித்தார். ராய் மூன்று மறுப்பு நூல்களை எழுதினார். முந்தையவற்றை அச்சிட்ட பாப்டிஸ்ட் மிஷன் அச்சகம் மூன்றாவதை அச்சிட மறுக்கவே, தாமே அச்சகம் அமைத்து 1823 இல் அதை வெளியிட்டார். அவரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் ஈடுபட்டிருந்த மிஷனரி வில்லியம் ஆடம், 1821 இல் திரித்துவ நம்பிக்கையைக் கைவிட்டார். முதல் ஆதமைப் போல இவரும் வீழ்ந்தார் என்று பிற மிஷனரிகள் எள்ளினர்.

தாம்பரம், 1938

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937 ஆம் ஆண்டு தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. மறு ஆண்டு டிசம்பரில், அதன் வளாகத்தில் சர்வதேச மிஷனரி மன்றத்தின் மாநாடு நடைபெற்றது. சீனாவில் நடக்கவிருந்த அது, ஜப்பானியப் போரின் காரணமாக நம் ஊருக்கு வந்தது. ஏறத்தாழ 470 பேராளர்கள் கூடினர். ஜாவாவில் முஸ்லிம்களிடையே பணியாற்றிய டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர், மசீஹில் வெளிப்பட்டது ஏனைய சமயங்கள் அனைத்திலிருந்தும் முற்றிலும் வேறானது என வாதிட்டார். சென்சையா, சக்கரைச் செட்டியார் முதலிய தென்னிந்தியக் கிறிஸ்தவ அறிஞர்கள் அதே ஆண்டில் நூல் வெளியிட்டு அதனை மறுத்தனர். இவர்கள் மசீஹின் இறைமையை மறுத்தவர்கள் அல்லர். இந்நாட்டவர் அவரை எவ்வாறு புரிந்துகொள்வது என்பதே இவர்களின் வினா. இன்றும் அக்கல்லூரியின் மரங்களுக்கிடையே நடப்போர், அம்மாநாடு தாம்பரம் என்னும் பெயரை உலகச் சமய வரலாற்றில் நிலைக்கச் செய்ததை அறிந்திருப்பது நல்லது.

நாம் பெறும் படிப்பினை

மர்யமின் மைந்தர் குறித்து வேதமுடையோர் எல்லை கடக்க வேண்டாம் என்று திருக்குர்ஆன் 4:171 எச்சரிக்கிறது. அதே திருக்குர்ஆன், பொதுவானதொரு கொள்கையின்பால் அவர்களை அழைக்குமாறு 3:64 வசனத்திலும், அழகிய முறையிலன்றி அவர்களோடு தர்க்கிக்க வேண்டாம் என்று 29:46 வசனத்திலும், ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவறத் தூண்டிவிட வேண்டாம் என்று 5:8 வசனத்திலும் கட்டளையிடுகிறது. நஜ்ரான் கிறிஸ்தவர்கள் மதீனா வந்தபோது, அவர்கள் தம் முறைப்படி மஸ்ஜிதில் தொழ நபி (ஸல்) அவர்கள் இடமளித்ததாக இப்னு இஸ்ஹாக் பதிவு செய்துள்ளார். ஈஸா (அலை) அவர்களைப் பற்றிய கருத்து வேறுபாடு அந்தச் சந்திப்பின் மையமாகவே இருந்தது. கொள்கையில் விட்டுக்கொடுக்கவுமில்லை, விருந்தினரை இழிவுபடுத்தவுமில்லை.

நம் பிள்ளைகளுக்கு மூன்று செய்திகளைக் கற்பிப்போம். முதலாவது, திரித்துவத்தை நம்பும் கிறிஸ்தவர் தாம் மூன்று கடவுள்களை வணங்குவதாகக் கருதுவதில்லை. ஒரே கடவுள் என்றே அவர் கூறுகிறார். அவர் கூறுவதை முதலில் கேட்டு, பிறகு நம் மறுப்பைச் சொல்வதே முறை. இரண்டாவது, மசீஹின் இறைமையைக் கேள்விக்குள்ளாக்கியோர் கிறிஸ்தவ உலகிற்குள்ளேயே எல்லாக் காலங்களிலும் இருந்துள்ளனர். நம் தமிழ் மண்ணிலும் இருந்துள்ளனர். மூன்றாவது, தவ்ஹீத் பொய்யான வரலாற்றின் துணையால் நிற்பதன்று. நைசியாவைப் பற்றி நாம் சொன்ன ஒரு பொய்யை வகுப்புத் தோழன் நூலகத்தில் கண்டறிந்துவிட்டால், அதன்பின் நாம் சொல்லும் உண்மையையும் அவன் ஐயத்தோடுதான் கேட்பான். அந்த இழப்புக்குப் பொறுப்பாளிகள் நாமே.

வல்ல அல்லாஹ், உண்மையை உண்மையாகக் காணவும் அதை நீதியோடு எடுத்துரைக்கவும் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக. ஆமீன்.