விதியும் புறனடையும்: பழ ஈயின் குடல் சொல்லும் வரலாறு

இலக்கண நூலார் விதியை வகுத்தபின், அதனுள் அடங்காதவற்றைப் புறனடையில் சேர்ப்பர். மொழியியல் பயின்று அறிவியல் வரலாற்றுக்கு வந்த எனக்கு, பழ ஈயின் குடல் அத்தகையதொரு புறனடையாகத் தோன்றுகிறது.

குடலின் உட்சுவரில் அணிவகுத்து நிற்கும் ஒவ்வோர் உயிரணுவுக்கும் மேல், கீழ் உண்டு. மேல்முகம் உணவுச் சத்தை உறிஞ்சும். அடிமுகம் தசைப்பக்கம் ஊன்றி நிற்கும். இவ்வேறுபாடு தோன்றுவதையே முனைவாக்கம் என்கிறோம். அது குலைந்தால் சுவரும் குலையும்.

இதனை உண்டாக்குவது எது? கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாஸும் ஜெர்மனியின் ஹைடெல்பர்க்கில் தொடங்கிய சடுதிமாற்றத் தேடல் 1995இல் நோபல் பரிசு பெற்றது. அத்தேடலில் அகப்பட்டவற்றுள் ஒன்று 'க்ரம்ப்ஸ்' மரபணு. அது பழுதான கருவின் மேற்தோல் துணுக்குகளாகச் சிதறும், பெயர்க்காரணம் அதுவே. அதன் புரதம் உயிரணுவின் மேல்முகத்தில் அமைவதை உல்ரிக் டெப்பாஸ், எலிசபெத் க்னுஸ்ட் ஆகியோர் 1990இல் காட்டினர். பின்னர் பசூக்கா, ஸ்க்ரிபில் முதலியன சேர்ந்தன. மேல்முகப் புரதங்களும் பக்கப் புரதங்களும் ஒன்றையொன்று விலக்கி எல்லை வகுக்கும் என்பது எபிதீலியத் திசுக்களின் பொதுவிதியாக நிலைபெற்றது.

ஆயினும் 1994இலேயே டெப்பாஸும் ஃபோல்கர் ஹார்ட்டன்ஸ்டைனும் வேறொன்றைப் பதிவு செய்திருந்தனர். நடுக்குடல் உயிரணுக்கள் கருவின் இரு முனைகளில் தோன்றி, அணி கலைந்து, இடைப்படைத் திசுவின்மீது ஊர்ந்து நடுவே சந்திக்கின்றன. பின்னரே மீண்டும் அணிவகுக்கின்றன. இடைப்படை இன்றேல் அவ்வணி அமைவதில்லை. அதாவது, குறிப்பு அடியிலிருந்து வருகிறது.

இதன் முழுப்பொருள் 2018இல் தெளிவாயிற்று. கேம்பிரிட்ஜில் டேனியல் செயின்ட் ஜான்ஸ்டன் குழுவினர், வளர்ந்த ஈயின் நடுக்குடலில் பொதுவிதிக்குரிய புரதங்களை ஒவ்வொன்றாக நீக்கினர், முனைவு குலையவில்லை. அடித்தளத்தைப் பற்றும் இன்டெக்ரினோடு இயங்கும் டாலினை நீக்கியபோது குலைந்தது. உயிரணு இணைப்புகளின் மேல்கீழ் வரிசையும் ஈயின் பிற திசுக்களுக்கு மாறாக, முதுகெலும்பிகளுடையதை ஒத்திருந்தது.

இத்தனை காலம் ஏன்? விதிக்குச் சான்றளித்தவை பெரும்பாலும் கருவின் மேற்தோல், முட்டையைச் சூழ்ந்த உறை போன்ற சில திசுக்களே. சில மொழிகளைக் கண்டு எல்லா மொழிக்கும் விதி எழுதும் பிழை எங்கள் துறைக்கும் புதிதன்று. ஈயைக் கொண்டு மனிதக் குடலை விளக்க முனையும்போது இப்பிழை சிறியதன்று. மாணவ நண்பர்கள் ஒரு பொதுவிதியை வாசிக்கையில், அது எத்திசுவில் கண்டறியப்பட்டது என்பதையும் வினவுக.