ஏடிஎம்களில் விண்டோஸ் எக்ஸ்பி நீக்கம்

இந்தியாவிலுள்ள ஏடிஎம் இயந்திரங்கள் அனைத்தையும், பாதுகாப்பு ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பி போன்ற பழைய இயங்குதளங்களிலிருந்து ஆதரவுள்ள பதிப்புகளுக்கு மாற்றும்படி இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஜூன் 21 அன்று வங்கிகளுக்கு உத்தரவிட்டது. 2019 ஜூன் மாதம் இறுதிக் கெடு. எக்ஸ்பிக்கான பொது ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியதோ 2014 ஏப்ரல் 8 அன்று. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளுக்கு மேலாகப் பணப் பெட்டிகள் ஏன் பழைய நிலையிலேயே விடப்பட்டன என்பது இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய கேள்வி.

பெட்டிக்குள் இருந்த கணினி

இந்தியாவின் முதல் ஏடிஎம்மை 1987இல் எச்எஸ்பிசி வங்கி மும்பையில் நிறுவியது. ஏடிஎம்மின் கீழ்ப்பகுதியில் நோட்டுக் கட்டுகளை வைக்கும் காசெட்டுகளுடன் ஓர் இரும்புப் பெட்டகம் இருக்கும். மேற்பகுதியில் இருப்பது பெரும்பாலும் ஒரு சாதாரணக் கணினிதான். அட்டையைப் படிக்கும் கருவி, விசைப்பலகை, ரசீது அச்சுப்பொறி, நோட்டுகளை எண்ணித் தரும் கருவி எல்லாவற்றுக்கும் அதுவே கட்டளையிடுகிறது. உலகெங்கும் பல ஏடிஎம்கள் ஒரு காலத்தில் ஐபிஎம்மின் ஓஎஸ்/2 இயங்குதளத்தில் ஓடின. 2006 இறுதியில் அதற்கான ஆதரவை ஐபிஎம் நிறுத்தியது. ஆகவே எக்ஸ்பியே ஒருமுறை 'புதிய வீடாக' வந்து சேர்ந்ததுதான்.

வீட்டுக் கணினியில் செய்வதுபோல ஒரு குறுவட்டைப் போட்டு இதை மாற்றிவிட முடியாது. பழைய இயந்திரங்களின் செயலியும் நினைவகமும் புதிய இயங்குதளத்துக்குப் போதாதபோது உள்ளிருக்கும் கணினியையே மாற்ற வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் உரிய இயக்கி மென்பொருள் புதிய தளத்தில் ஒத்துழைக்க வேண்டும். வங்கியின் மைய வலையமைப்போடு சோதித்துப் பார்க்க வேண்டும். இயந்திரம் ஒருவருடையது, பராமரிப்பு இன்னொருவருடையது, அட்டை மூன்றாமவருடையது என்ற நிலையில் செலவை யார் ஏற்பது என்பதும் எளிதில் தீராது. தாமதத்துக்குத் தொழில்நுட்பத்தைவிட இதுவே பெரிய காரணமாக இருந்திருக்க வேண்டும்.

2016 நவம்பர் 8 அன்று பணமதிப்பிழப்பு அறிவிக்கப்பட்டபின், புதிய நோட்டுகளின் அளவுக்கேற்ப நாடு முழுவதும் இயந்திரங்களைத் திறந்து காசெட்டுகளைச் சரிசெய்தார்கள். அந்த அவசரத்தில் மேற்பகுதிக் கணினியைப் பற்றி யோசிக்க யாருக்கும் நேரமில்லை.

வடசென்னையும் சம்பளப் பணமும்

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் துறைமுக, தொழிற்சாலைப் பகுதி போன்ற இடங்களில் இது வெறும் கணினிச் செய்தியாக நின்றுவிடவில்லை. 2016 டிசம்பரில் வந்த அவசரச் சட்டமும் அதைத் தொடர்ந்து 2017இல் செய்யப்பட்ட ஊதியம் வழங்கல் சட்டத் திருத்தமும், தொழிலாளியின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமலே சம்பளத்தை வங்கிக் கணக்கில் செலுத்த முதலாளிக்கு வழிசெய்தன. காசிமேட்டு மீனவர்களுக்கான தடைக்கால நிவாரணமும் கணக்கிலேயே வரவு வைக்கப்படுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, அந்தத் தொகையைக் கைக்குக் கொண்டுவருவது ஏடிஎம்தான். சம்பளக் கவர் மறைந்த அதே காலத்தில், அதன் இடத்துக்கு வந்த இயந்திரம் ஆதரவற்ற மென்பொருளில் ஓடிக்கொண்டிருந்தது.

தாக்குதலும் உத்தரவும்

ஆபத்து கற்பனையானதல்ல. மெக்சிகோவில் 2013இல் கண்டறியப்பட்ட 'புளூட்டஸ்' என்ற தீநிரல், அட்டையே இல்லாமல் ஏடிஎம்மைப் பணம் கொட்டச் செய்தது. 2017 மே மாதம் 'வான்னாகிரை' பரவியபோது, மூன்றாண்டுகளுக்கு முன்பே கைகழுவிய எக்ஸ்பிக்கும் மைக்ரோசாப்ட் அவசரத் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று.

அதற்குச் சில வாரங்களுக்கு முன், 2017 ஏப்ரல் 17 அன்றே, ரிசர்வ் வங்கி இது குறித்து வங்கிகளுக்கு ரகசியச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. வேலை மெதுவாக நடந்ததால்தான் 2018 உத்தரவில் கண்டிப்பான கால அட்டவணை வந்தது. 2018 செப்டம்பருக்குள் குறைந்தது 25 சதவீத இயந்திரங்கள், டிசம்பருக்குள் 50, 2019 மார்ச்சுக்குள் 75, ஜூனுக்குள் 100 சதவீதம் மாற வேண்டும். யுஎஸ்பி துளைகளை முடக்குவது, பயாஸுக்குக் கடவுச்சொல் இடுவது முதலிய எளிய காப்புகளுக்கு 2018 ஆகஸ்ட் வரைதான் அவகாசம். அனுமதி பெற்ற நிரல்களைத் தவிர வேறெதுவும் இயங்காதபடி தடுக்கும் ஏற்பாட்டை 2019 மார்ச்சுக்குள் செய்யவேண்டியிருந்தது.

2018 நவம்பரில் ஏடிஎம் துறைக் கூட்டமைப்பு எதிர்ப்புக் குரல் எழுப்பியது. மென்பொருள், வன்பொருள் மேம்பாட்டோடு, பணம் நிரப்புவதற்கான புதிய விதிகளும் சேர்ந்துகொண்டதால் செலவு தாங்காது. நாட்டின் சுமார் 2.38 லட்சம் ஏடிஎம்களில் ஏறக்குறைய 1.13 லட்சம் 2019 மார்ச்சுக்குள் மூடப்படலாம் என்றது. வருமானத்தைக் கூட்டிக் கேட்பதற்கான மிரட்டலும் அதில் கலந்திருந்தது என்று கொள்ளலாம். ஆனாலும் கணக்கில் நியாயம் இருந்தது. வேறு வங்கியின் அட்டையில் ஒருமுறை பணம் எடுத்தால் இயந்திரத்துக்குரிய வங்கிக்குக் கிடைத்த பரிமாற்றக் கட்டணம் அப்போது 15 ரூபாய். 2021 ஆகஸ்டில்தான் அது 17 ரூபாயானது.

உத்தரவு கேட்டது 'ஆதரவுள்ள பதிப்பு' மட்டுமே. அப்போது விண்டோஸ் 7உம் அந்தத் தகுதி பெற்றிருந்தது. அதற்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று, இறுதிக் கெடு முடிந்து ஏழு மாதம் ஆவதற்குள், நின்றது.