சாலைப் பள்ளத்தில் விழுந்தால் யார் பொறுப்பு? சட்டம் சொல்வது என்ன, நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

மழை விட்டு இரண்டு நாள் ஆகியும் ரோட்டுப் பள்ளத்தில் தண்ணீர் வற்றாது. அது நாலு விரல் ஆழமா, முழங்கால் ஆழமா என்பது டூவீலரின் முன்சக்கரம் உள்ளே இறங்கிய பிறகுதான் தெரியும். விழுந்தவரைத் தூக்கிவிடுபவர்கூட, "பார்த்து ஓட்டக் கூடாதாப்பா?" என்றுதான் கேட்பார். ஆனால், சட்டம் இன்னொரு கேள்வியையும் வைத்திருக்கிறது: அங்கே பள்ளம் இருப்பது ரோட்டைப் பராமரிப்பவருக்கு முன்பே தெரியுமா?

எத்தனை உயிர்கள்?

2013 முதல் 2017 வரையிலான ஐந்து ஆண்டுகளில் சாலைப் பள்ளங்களால் 14,926 பேர் இறந்திருக்கிறார்கள். 2018 டிசம்பரில் இந்த எண்ணிக்கையைப் பார்த்த உச்ச நீதிமன்றம், எல்லையில் இறப்பவர்களைவிட இது அதிகமாக இருக்கும் என்று வேதனை தெரிவித்தது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் மட்டும் பள்ளங்களால் 4,446 விபத்துகள் நடந்தன. அவற்றில் 1,856 பேர் உயிரிழந்தனர்.

பள்ளத்தைத் தவிர்க்க வண்டியைத் திருப்பும்போது பின்னால் வரும் லாரி மோதினால், அது லாரி விபத்தாகப் பதிவாக வாய்ப்பு அதிகம். எஃப்.ஐ.ஆரில் பள்ளம் என்ற வார்த்தை இல்லையென்றால், கணக்கிலும் அது வராது.

போன மாசம் போட்ட ரோடு ஏன் பெயர்கிறது?

"எல்லாம் மழையால வந்த வினை" என்பார்கள். பாதி உண்மைதான். தார் ரோட்டுக்கு முதல் எதிரி தண்ணீர். மேற்பரப்பில் விழும் சின்ன விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கி, ஜல்லியில் இருந்து தாரைப் பிரிக்கிறது. அடித்தளமும் இளகிவிடுகிறது. மேலே ஒரு லாரி ஏறினால் போதும், அந்த இடம் உடைந்து பெயர்கிறது. அடுத்தடுத்த வண்டிகள் அதைப் பெரிதாக்கிவிடும்.

ஆனால், தண்ணீர் ஏன் அங்கே தேங்கியது? ரோட்டின் நடுப்பகுதி சற்று உயர்ந்து, இரண்டு பக்கமும் சரிந்து, ஓரத்தில் வடிகால் இருந்தால் தண்ணீர் நிற்காது. இந்தச் சரிவு சரியில்லாமல் போவது, வடிகால் அடைத்துக்கொள்வது, குழாய்க்கும் கேபிளுக்கும் தோண்டிவிட்டு மண்ணை இறுக்காமல் மூடுவது எல்லாமே மனிதர்கள் செய்வதுதான்.

ஒட்டுப்போடும் வேலையும் அப்படித்தான். முறைப்படி செய்தால், பள்ளத்தின் ஓரங்களை உறுதியான பகுதிவரை சதுரமாக வெட்டி, தூசியும் ஈரமும் போகச் சுத்தம் செய்து, தார் பூசி, கலவை நிரப்பி, ரோலரால் அழுத்த வேண்டும். நடப்பதோ, தண்ணீர் நிற்கும் குழியில் ஒரு கூடை ஜல்லியைக் கொட்டுவது. அடுத்த மழைக்கே ஜல்லி சிதறி, அதுவே வண்டியைச் சறுக்கிவிடும்.

தொழில்நுட்பத்துக்கும் பஞ்சமில்லை. ஜல்லி மீது பிளாஸ்டிக் கழிவை உருக்கிப் பூசினால் தார் நன்றாகப் பிடிக்கும், தண்ணீர் எளிதில் பிரிக்காது என்று காட்டிய மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவனுக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இந்த ரோடு யாருடையது?

புகார் கொடுக்கப் போனால் முதலில் கிடைக்கும் பதில், "இது எங்க ரோடு இல்லீங்க". நாட்டில் சுமார் 63 லட்சம் கி.மீ. சாலைகள் உள்ளன. அதில் தேசிய நெடுஞ்சாலை ஏறத்தாழ 1.46 லட்சம் கி.மீ. மட்டுமே. மற்றவை மாநில நெடுஞ்சாலைத் துறை, மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி என்று பிரிந்து கிடக்கின்றன.

மைல்கல்லின் தலைப்பகுதி நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட ரோடாக இருந்தால், முதல் ஐந்து ஆண்டுகள் பராமரிப்பதும் அதைப் போட்ட ஒப்பந்ததாரரின் கடமை.

சட்டம் என்ன சொல்கிறது?

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. சாலை வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றில் தரத்தைப் பின்பற்றாததால் ஒருவர் இறந்தாலோ ஊனமடைந்தாலோ, பொறுப்பான அமைப்பு அல்லது ஒப்பந்ததாரருக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, இந்த அபராதம் பாதிக்கப்பட்ட குடும்பத்தின் கைக்கு நேரடியாக வராது. மோட்டார் வாகன விபத்து நிதிக்குப் போகும். இரண்டாவதுதான் முக்கியம். சாலையின் அந்தப் பகுதி ஆபத்தானது என்பது அதிகாரிகளுக்குத் தெரியுமா, தெரிந்திருக்க வேண்டுமா, எச்சரிக்கைப் பலகையாவது வைத்தார்களா என்பதை நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. அதாவது, விபத்துக்கு முன்பே யாரோ ஒருவர் கொடுத்த புகார், "எங்களுக்குத் தெரியாது" என்ற பதிலை உடைக்கும் சாட்சி.

நீதிமன்றங்கள் என்ன செய்தன?

2025 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம், பள்ளம் அல்லது திறந்த மேன்ஹோலால் இறந்தவரின் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாயும், காயமடைந்தவர்களுக்கு 50,000 முதல் 2.5 லட்சம் ரூபாய் வரையும் இழப்பீடு தர உத்தரவிட்டது. அந்தத் தொகையைத் தவறு செய்த அதிகாரி, ஒப்பந்ததாரரிடம் இருந்து வசூலிக்கவும் சொன்னது. இது மகாராஷ்டிராவுக்கான உத்தரவு. மற்ற மாநிலங்களில் பாதிக்கப்பட்டவர்கள் தனியாக வழக்குப் போட்டுத்தான் இழப்பீடு கேட்க வேண்டியிருக்கும். அப்போது இதை எடுத்துக்காட்டலாம்.

கேரளாவின் பாலியக்கரை சுங்கச்சாவடியில், ரோடு மோசமாக இருந்ததால் 2025 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் சுங்க வசூலையே நிறுத்திவைத்தது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது.

இன்சூரன்ஸ் கைகொடுக்குமா?

தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால், பள்ளத்தில் விழுந்த உங்கள் வண்டிக்கு ஒரு பைசா கிடைக்காது. காம்ப்ரிஹென்சிவ் பாலிசி இருந்தால் கிடைக்கும். ஆனால், டயர் மட்டும் கிழிந்தால் பொதுவாகக் கிளெய்ம் இல்லை. அடியில் இடித்து ஆயில் ஒழுகும்போது அப்படியே ஓட்டி இன்ஜின் பழுதானால், அதையும் நிராகரிக்கலாம்.

வண்டி உரிமையாளரே ஓட்டிச் சென்று இறந்தால், கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீட்டில் 15 லட்சம் ரூபாய் உண்டு. எதிரே எந்த வண்டியும் இல்லாமல் தானாக விழுந்திருந்தாலும் இது பொருந்தும். ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். பல குடும்பங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

தினமும் போகும் வழியில் பள்ளம் இருந்தால்: அருகில் உள்ள கடையோ கம்பமோ தெரியும்படி போட்டோ எடுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 அல்லது ராஜ்மார்க்யாத்ரா செயலி, நகரச் சாலை என்றால் மாநகராட்சியின் புகார் எண். வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். புகார் எண்ணை வாங்கி வையுங்கள்.

விபத்து நடந்துவிட்டால்: முதலில் சிகிச்சை. அதே நாளில் யாராவது ஒருவர் பள்ளத்தைப் படம் எடுக்கட்டும். மறுநாள் காலையில் அதை மூடியிருக்கக்கூடும். எஃப்.ஐ.ஆரிலும் மருத்துவமனைக் குறிப்பிலும் பள்ளத்தில் விழுந்ததைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். அந்த இடம் பற்றி முன்பே புகார் வந்ததா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

அங்கே பழைய புகார் ஒன்று இருந்தால், வழக்கின் போக்கே மாறலாம். அந்தப் புகாரைக் கொடுத்தவருக்கு, தான் யாருக்கு உதவினோம் என்பது தெரியாமலே போகலாம்.