ஆட்டமும் இல்லமும்: ஒரு வரலாற்று நோக்கு

இருபது வயதைக் கடந்த மகன் இரவு முழுவதும் கைத்தொலைபேசியில் விளையாடுகிறான், பகலில் உறங்குகிறான். தாய் உணவுக்கு அழைத்தால் எழுவதில்லை. தந்தை கண்டித்தால் கதவைச் சாத்திக்கொள்கிறான். இத்தகைய பூசல் கொழும்பு, யாழ்ப்பாணம் முதலாய நகரங்களுக்கு மாத்திரம் உரியதன்று. திருகோணமலை மாவட்டத்தில், கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மூதூர்ப் பிரதேசத்தில் அமைந்த கட்டைபறிச்சான் போன்ற ஊர்களின் வீடுகளையும் அது எட்டக்கூடிய காலம் இது. இதனைக் காலத்தின் கோலம் என்று கூறி அமைவோரும் உளர். பிள்ளையின் குணக்கேடு என்று வெறுப்போரும் உளர். இவ்விரு கருத்துகளும் வரலாற்றின் முன் நிலைபெறுமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வளர்ந்த பிள்ளையின் ஆட்டத்தால் இல்லம் குலைவதைப் பேசும் மிகப் பழைய இலக்கியச் சான்றுகளுள் ஒன்று, இருக்கு வேதத்தின் 10 ஆம் மண்டலத்து 34 ஆம் சூக்தமாகும். சூதாடி ஒருவனின் புலம்பலாக அது அமைந்துள்ளது. தான்றிக்காய்களே அக்காலத்துக் கவறுகள். மாமி அவனை வெறுக்கிறாள், மனைவி விலக்குகிறாள், தாய் வருந்துகிறாள். தந்தையும் தாயும் உடன்பிறந்தாரும் அவனை அறியோம் என்று கூறி, கட்டி இழுத்துச் செல்லுமாறு பிறரிடம் விட்டுவிடுகின்றனர். இனி ஆடுவதில்லை என்று அவனே உறுதி பூணுகின்றான். ஆயினும் கவறுகள் உருளும் ஓசை கேட்டதும் அவ்வுறுதி தளர்ந்துவிடுகின்றது. குடும்பத்தின் வெறுப்பும் ஆடுவோனின் தன்னிரக்கமும் ஒருங்கே பதிவான இச்சூக்தம், இப்பூசல் கருவியோடு பிறந்ததன்று என்பதை ஐயத்துக்கிடமின்றி உணர்த்துகின்றது.

இதிகாசமும் இதனையே வேறொரு கோணத்திற் காட்டுகின்றது. பாரதத்துச் சூதுப்போரில் நம் கவனம் தருமன்மீதே செல்வது இயல்பு. ஆனால் அச்சூதினை நிகழாமற் செய்யும் வல்லமை பெற்றிருந்தவன் திருதராட்டிரன் ஆவான். விதுரன் தடுத்தும், வளர்ந்த மகனின் மனம் நோகக் கூடாதென்று அவன் இசைந்தான். இருக்கு வேதக் குடும்பம் மகனை முற்றாகக் கைவிட்டது. திருதராட்டிரனோ மகனுக்கு முற்றாக விட்டுக்கொடுத்தான். இவ்விரு வழிகளும் இல்லத்தைக் காக்கவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது. கிழக்கிலங்கையில் இக்கதை ஏட்டோடு நின்றுவிடவில்லை. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயச் சடங்கிலே பாண்டவர் வனவாசம் ஆண்டுதோறும் நிகழ்த்திக் காட்டப்படுகின்றது. சூதின் விளைவை ஊரே கூடிநின்று காணும் மரபு இது எனலாம்.

திருக்குறளில் சூது என்னும் அதிகாரம் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையில் வைக்கப்பட்டுள்ளது. பொருளிழப்பை மாத்திரமன்றிக் காலவிழப்பையும் வள்ளுவர் அங்கே சுட்டுகின்றார். இன்று பல்கலைக்கழகம் என்னும் சொல்லிலே கற்றோர் அவையைக் குறித்து நிற்கும் ‘கழகம்’, அவ்வதிகாரத்திலே சூதாடும் களத்தைக் குறிக்கின்றது. ஆட்டத்துக்கென ஓர் இடம் தனியே இருந்தது என்பதும், அவ்விடத்துக்கு ஒருவன் எழுந்து செல்லவேண்டியிருந்தது என்பதும் இச்சொல்லாட்சியாற் புலனாகின்றன. ஆட்டத்துக்கு அன்று வாயில் ஒன்று இருந்தது. குடும்பம் காவல் நிற்கக்கூடிய இடமும் அதுவே.

ஊர் விளையாட்டுகளிலும் இவ்வெல்லை காணப்பட்டது. கிழக்கிலங்கைக் கண்ணகை அம்மன் வழிபாட்டோடு தொடர்புடைய கொம்புமுறியில், ஊர் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரியும். கொளுவிய இரு கொம்புகளையும் கயிறு பூட்டி இரு சாராரும் இழுப்பர். சில வேளைகளில் பூசல் மூண்டதும் உண்டு. எனினும் ஒரு கொம்பு முறிந்தால் அவ்வாட்டம் முடிந்தது. கிளித்தட்டு பொழுது சாய முடிந்தது. கடதாசிக் கூட்டத்தில் முந்நூற்றிநான்கு ஆடியோரும், எதிரே இருந்தவர் எழுந்தால் எழவேண்டியவராயினர். காலம், இடம், கண்முன்னே இருக்கும் கூட்டாளி ஆகிய மூன்றும் ஆட்டத்தின் எல்லைகளாக விளங்கின.

மின்னணு விளையாட்டின் வரலாறு இம்மூன்று எல்லைகளும் ஒன்றன்பின் ஒன்றாக அழிந்த வரலாறேயாகும். 1972 இல் வெளிவந்த ‘பொங்’, 1978 இல் வெளிவந்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஆகியவை நாணயம் இட்டு ஆடப்பட்டவை. காசு தீர்ந்ததும் ஆட்டம் தீர்ந்தது. அப்பொழுதும் பெற்றோர் அஞ்சினர். பிரித்தானியப் பாராளுமன்றத்தில் 1981 இல் இவ்வியந்திரங்களைக் கட்டுப்படுத்த ஜோர்ஜ் ஃபோக்ஸ் கொணர்ந்த மசோதா சிறு வாக்கு வேறுபாட்டில் தோல்வியுற்றது. பிலிப்பைன்சில் அதே ஆண்டு மார்க்கோஸ் அரசு அவற்றைத் தடை செய்தது. பின்னர் ஆட்டம் கடையிலிருந்து வீட்டுக்கும், வீட்டிலிருந்து இணையத்துக்கும், ஈற்றில் உள்ளங்கைக்கும் வந்தது. 2017 இல் தோன்றிய ‘பப்ஜி’யில் ஒரே களத்தில் நூறு பேர் வரை ஆடுவர், அதே ஆண்டின் ‘ஃபிரீ ஃபயர்’ களத்தில் ஐம்பது பேர். தனியே ஆடுவோன் ஆட்டத்தை இடையில் நிறுத்தி வைக்கலாம். இத்தகைய களத்திலோ நிறுத்தம் என்பது இல்லை. இடையில் விலகினால் உடன் ஆடும் தோழர் தோற்க நேரும். தாய் உணவுக்கு அழைக்கும்போது ‘இதோ’ என்று கூறி மகன் எழாதிருப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. தாய் அதனைத் தன் சொல்லுக்கு நேர்ந்த அவமதிப்பாகக் கொள்கிறாள். மகனோ தோழர்க்குச் செய்யும் துரோகத்தைத் தவிர்ப்பதாக எண்ணுகிறான். நாள்தோறும் வந்து போவோர்க்குப் பரிசும், பருவந்தோறும் புதிதாக ஏறவேண்டிய தரவரிசையும் வைத்து, ஆட்டம் முடிவுறாதபடி நிறுவனங்கள் அமைத்துள்ளமையும் கருதத்தக்கது.

அழிந்த எல்லையைச் சட்டத்தால் மீள நிறுவ அரசுகள் முயன்றுள்ளன. தென் கொரியா 2011 இல் 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணையத்தில் விளையாடுவதைத் தடுத்தது. அச்சட்டம் 2022 தொடக்கத்தில் நீங்கியது. சீனா 2021 இல் 18 வயதுக்குட்பட்டோரை வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்கள் ஆகியவற்றில் இரவு 8 முதல் 9 மணி வரை மாத்திரமே ஆட அனுமதித்தது. தமிழ்நாட்டின் 2025 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை வளர்ந்தோரையும் தடுத்தன. ஆயின் அவை பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கே உரியவை. பணம் வையாது ஆடும் வளர்ந்த பிள்ளையை இச்சட்டங்களுள் எதுவும் தொடவில்லை, தொடுவதும் தகாது. எனவே அவன் சிக்கல் மீண்டும் வீட்டு முற்றத்துக்கே வந்து சேர்கின்றது.

கட்டைபறிச்சான் போன்ற ஊர்களில் அம்முற்றத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 2006 இல் மூதூர், சம்பூர்ப் பகுதிகளில் மூண்ட போரினால் இப்பிரதேச மக்கள் இடம்பெயர்ந்தனர். திரும்பிய பின்னரும், சம்பூர் மக்கள் பலர் தம் காணிகள் விடுவிக்கப்படும் வரை ஆண்டுக்கணக்காகக் கட்டைபறிச்சான் முதலிய இடங்களில் முகாம்களில் வாழ்ந்தனர். முகாமில் வளர்ந்த பிள்ளைக்கு வயலும் விளையாட்டுத் திடலும் கோயில் வீதியும் தடையின்றி வாய்த்தன என்று கூறவியலாது. பின்னர் 2020 இல் கொவிட் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட, கல்விக்கென்றே நாடெங்கும் பெற்றோர் பலர் கடன்பட்டும் கைத்தொலைபேசி வாங்கிக் கொடுத்தனர். பாடமும் ஆட்டமும் ஒரே கருவியில் வந்தன. உயர்தரப் பரீட்சை எழுதியோர் பல்கலைக்கழகம் புகுவதற்கு ஓராண்டுக்கும் மேலாகக் காத்திருக்கும் நிலை இந்நாட்டில் இருந்து வந்துள்ளது. தொழிலும் இன்றி, மாணவன் என்னும் பெயரும் இன்றி இருக்கும் இளைஞனுக்குத் தரமும் தோழமையும் வழங்கும் இடம் திரையொன்றே ஆகலாம். அவ்விடத்தையே ‘உதவாத வேலை’ என்று வீடு இகழுமாயின், அவன் அதனுள் மேலும் ஒதுங்குதல் வியப்பன்று.

விளையாட்டுக் கோளாற்றை உலக சுகாதார தாபனம் 2019 இல் நோய் வகைப்பாட்டில் ஏற்றது. அது 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. கட்டுப்பாடிழத்தல், பிற கடமைகளினும் ஆட்டத்தை முதன்மைப்படுத்தல், தீங்கு விளைந்தும் தொடர்தல் ஆகியன பொதுவாகப் பன்னிரண்டு மாதங்களேனும் நீடித்து, குடும்பம், கல்வி, தொழில் முதலியவற்றைப் பெரிதும் பாதித்தலே அதன் அடையாளம். மணிக்கணக்காக விளையாடுதல் ஒன்றே நோயாகாது என்பதையும், உண்மையில் நோயுற்றவனுக்கு வசையன்றி மருத்துவமே வேண்டும் என்பதையும் இவ்வரையறை ஒருங்கே உணர்த்துகின்றது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2014 இலேயே இதற்கெனச் சிகிச்சைப் பிரிவு தொடங்கியமை குறிப்பிடத்தக்கது.

இதுகாறும் கண்டவற்றால், பூசலின் வேர் ஆட்டத்தில் மாத்திரம் இல்லை. ஆட்டத்தின் எல்லை அழிந்தமையிலும் உள்ளது என்பது தெளிவாகும். வளர்ந்த பிள்ளைக்கு எல்லையை ஆணையால் விதிக்க இயலாது. பேசியே அமைத்தல் வேண்டும். ஓர் ஆட்டம் எத்தனை நிமிடத்தில் முடியும் என்பதைத் தாய் அறிந்து, இரு ஆட்டங்களுக்கு இடையே அழைப்பதும், அழைத்தபின் அடுத்த ஆட்டத்தைத் தொடங்காதிருக்க மகன் உடன்படுவதும் சிறு செயல்களே. ஆயினும் கைவிடலுக்கும் விட்டுக்கொடுத்தலுக்கும் இடைப்பட்ட வழி அத்தகைய சிறு உடன்பாடுகளாலேயே அமையும். இருக்கு வேதச் சூக்தமும் சூதாடியைச் சபித்து அமையவில்லை. கவறை விட்டு வயலை உழுமாறும், மாடும் மனைவியும் அங்கே உளர் என்றும் அது அறிவுறுத்துகின்றது. திரையை அணை என்று கூறுவோர், அணைத்தபின் அவன் எழுந்து செல்லுதற்கு ஒரு வயலையோ தொழிலையோ தோழமையையோ காட்டும் கடப்பாடும் உடையர். அக்கடப்பாடு பெற்றோருக்கு மாத்திரமன்றி, ஊருக்கும் நாட்டுக்கும் உரியதாகும்.