மக்கு என்று சொன்னேனே!



போன வாரம் குப்பை வண்டி வந்தபோது மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தியும் கூடவே வாசலுக்கு வந்தாள். வண்டியில் இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தாள். பச்சைத் தொட்டியில் மக்கும் குப்பை, நீலத் தொட்டியில் மக்காத குப்பை. அப்புறம் என்னைப் பார்த்து, "ஆச்சி, யாரையும் மக்குன்னு சொல்லக்கூடாதுன்னு சொல்லுதீங்க. இங்க மக்குறதுதானே நல்ல குப்பை?" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. அன்று ராத்திரி முழுக்க இந்தச் சொற்களே மனசுக்குள் ஓடின. அவற்றின் கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் எரு. பழைய சொல் இதுதான். திருக்குறளில் உழவு அதிகாரத்தில், ஏர் ஓட்டுவதைவிட எரு இடுவது நல்லது என்று வள்ளுவர் சொல்வதை நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். அதே குறளில் 'உரம்' என்ற சொல் ஊக்கமுடைமையில் வரும்; அங்கே அதற்கு மனவலிமை என்று பொருள். மனுஷனுக்கு வலிமை தருவதைக் குறித்த சொல்லைப் பிற்காலத்தில் மண்ணுக்கு வலிமை தருவதற்கும் வைத்துக்கொண்டோம். மாட்டுத் தொழுவத்துச் சாணமும் கூளமும் சேர்ந்து மக்கினால் தொழு உரம். கொழிஞ்சி, சணப்பை, தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால் பசுந்தாள் உரம். அறுவடை முடிந்த வயலில் கீதாரிகள் ஆட்டுக்கிடை போடுவதையும் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

இப்போது எல்லோரும் சொல்கிற 'கம்போஸ்ட்' எங்கிருந்து வந்தது தெரியுமா? அடுப்படியிலிருந்து! லத்தீனில் 'ஒன்றாகச் சேர்த்து வைத்தது' என்று பொருள்படும் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ரிச்சர்டின் சமையல்காரர்கள் தொகுத்த சமையல் ஏட்டில் 'கம்போஸ்ட்' என்றே ஒரு பதார்த்தம் இருக்கிறது. முள்ளங்கி, முட்டைக்கோசு, பேரிக்காய் எல்லாவற்றையும் வேகவைத்து வினிகர், தேன், கடுகு சேர்த்துச் செய்வது. ஏறக்குறைய நம் ஊறுகாய் மாதிரி. பழத்தைச் சர்க்கரைப் பாகில் வேகவைத்தால் அதற்குப் பெயர் 'கம்போட்'. அதுவும் இதுவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று சாப்பாட்டு மேசையிலேயே தங்கிவிட்டது, மற்றது தோட்டத்துக் குவியலுக்குப் போய்விட்டது.

இதைப் படித்ததும் எனக்கு நம்ம 'கூட்டு' ஞாபகம் வந்தது. பருப்பும் காயும் சேர்ந்தால் பூசணிக்காய்க் கூட்டு. அரிசி, பருப்பு, காய், கீரை எல்லாம் ஒரே பானையில் வெந்தால் நம்ம திருநெல்வேலிக் கூட்டாஞ்சோறு. வாசலில் கிடப்பதை ஒரு பக்கமாகச் சேர்த்தாலும் கூட்டுவதுதான். கணக்கில் சேர்த்தால் கூட்டல், எழுத்தைச் சேர்த்து வாசித்தால் எழுத்துக்கூட்டுதல். இலங்கைத் தமிழர்கள் கம்போஸ்டைக் 'கூட்டெரு' என்கிறார்கள். எவ்வளவு பொருத்தமான சொல்! லத்தீன்காரன் நினைத்ததை நம் ஆட்களும் நினைத்திருக்கிறார்கள்.

சேர்ப்பதற்கு நம்மிடம் சொற்களுக்கா பஞ்சம்? சோற்றைப் பிசைவோம், அல்வாவைக் கிண்டுவோம், உப்புமாவைக் கிளறுவோம், பாயசத்தைத் துழாவுவோம், சுவருக்கு மண்ணைக் குழைப்போம். சிமெண்டும் மணலும் சேர்ந்தால் கலவை, பல பூக்கள் சேர்ந்தால் கதம்பம். கை எப்படி அசைகிறதோ அதற்கு ஏற்றபடி சொல் மாறுகிறது. எருக்குழிக்கு மட்டும் கிளறிய பிறகு காத்திருக்கவும் வேண்டும்.

அந்தக் காத்திருப்பை ஒழுங்காக எழுதி வைத்தவர் ஆல்பர்ட் ஹோவர்டு. 1924 முதல் 1931 வரை இந்தூரில் பயிர் ஆராய்ச்சி நிலையத்தை நடத்தியவர். செத்தை, சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், சாம்பல் இவற்றை அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காயாமல், மூன்று முறை புரட்டிவிட்டால் சுமார் 3 மாதத்தில் எரு ஆகிவிடும். புரட்டினால் உள்ளே காற்றுப் போகும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வேலை செய்யும். குவியலுக்குள் கை வைத்தால் சுடும். உலகம் இதை 'இந்தூர் முறை' என்கிறது. யஷ்வந்த் வாட் என்ற இந்தியரோடு சேர்ந்து 1931இல் இதைப் புத்தகமாக்கினார். நம் நாட்டு உழவர்களையும் பயிரைத் தின்னும் பூச்சிகளையும் தன் பேராசிரியர்கள் என்று சொன்ன மனுஷர் அவர். வாத்தியார் உத்தியோகம் பார்த்த நமக்கு அது நல்ல பாடம்.

இப்போது 'மக்கு'க்கு வருகிறேன். தச்சாசாரியிடம் கேட்டால் மரத்தூளும் பசையும் குழைத்து விரிசலை அடைப்பது மக்கு என்பார். விவசாயியிடம் கேட்டால், மக்காத எருவைப் போட்டால் பயிர் வாடும், நன்றாக மக்கினால்தான் பலன் என்பார். வாத்தியார்களாகிய நாங்கள்தான் அதை வசவாக்கினோம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. கையில் ஒன்று வைத்துக்கொண்டு கூட்டுவது ஒரு பையனுக்குப் பிடிபடவே இல்லை. கரும்பலகை முன்னால் நிறுத்தி "மக்கு, மக்கு" என்றேன். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு அவன் என் வகுப்பில் கை தூக்கியதே இல்லை. ரொம்ப வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். காலைத் தொட்டுக் கும்பிட்டான். சிரித்துக்கொண்டே, "டீச்சர், நீங்க வச்ச பேருதான் ஊருல இன்னும் எனக்கு" என்றான். அவன் வருத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பந்தியில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

குவியலுக்கு 3 மாதம் பொறுக்கிறோம். ஒரு பிள்ளைக்கு நான் 3 நாள் பொறுக்கவில்லை.

தம்பி, நீ இதைப் படித்தால், டீச்சரை மன்னித்துக்கொள். உங்களில் வாத்தியார் வேலைக்குப் போனவர்கள் பலர் இருக்கிறீர்கள். கூட்டல் வராத பிள்ளைக்கு இன்னொரு தடவை சொல்லிக் கொடுங்கள்.

பேத்திக்கு மறுநாள் பதில் சொன்னேன்: "மக்குறது நல்லதுதாம்மா. ஆச்சிதான் தப்பாச் சொல்லிட்டேன்."

அன்புடன்,
உங்கள் டீச்சர்